எந்த ரூட்டு அண்ணாச்சி?

இடைவேளை முடிந்து கொட்டகை விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக அணைந்துகொண்டிருந்தபோது, டாக்டர் மங்கையர்க்கரசி முன்னால் இருந்த பின்மண்டைகளை இன்னும் துழாவிக்கொண்டிருந்தாள். நரைத்த மண்டை, சாயம் பூசிய மண்டை, வழுக்கை, பூ வைத்தது, தொப்பியைத் திருப்பிப் போட்டது. இத்தனை வருஷமாக மண்டைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துச் சோறு தின்றவளுக்கு, வெளியே இருந்து பார்த்து ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடிக்க வக்கில்லை. ராமசுப்பு எங்கே? மூன்றாவது வரிசை ஓரத்தில் தோளில் துண்டோடு இருப்பவரா? இல்லை, அவருக்குக் காது இப்படி விடைத்துக்கொண்டு நிற்காது. தூணுக்குப் பக்கத்தில் இருப்பவரா? அவர் தூங்குகிறார். வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்குத் திருநெல்வேலியில் இத்தனை கிழவர்கள் எதற்கு வருகிறார்கள், வீட்டில் மின்விசிறியைப் போட்டுப் படுத்தால் என்ன? அவர் வந்திருக்கிறாரா என்பதே நிச்சயமில்லை. வராமல் இருந்தால் நல்லது என்றது மனசு. வராவிட்டால் எதற்கு இந்தப் பாடு என்றது அதே மனசு. இப்படி இரண்டு பக்கமும் பேசுகிற மனசைப் பற்றி அவள் மருத்துவக் கல்லூரியில் மணிக்கணக்காக வகுப்பு எடுத்திருக்கிறாள், வாரப் பத்திரிகையில் தொடர் எழுதியிருக்கிறாள், தொலைக்காட்சியில் தலையை ஆட்டி ஆட்டி விளக்கியிருக்கிறாள். அதில் ஒரு வார்த்தைகூட இப்போது கைகொடுக்கவில்லை. "எக்கா, யாரைத் தேடுதே?" என்றாள் பக்கத்தில் இருந்த தங்கை கோமதி, பாப்கார்ன் வாயோடு. "தெரிஞ்சவங்க." "தெரிஞ்சவங்கன்னா யாரு?" "உனக்குத் தெரியாதவங்க. நீ படத்தைப் பாரு." கோமதி படத்தைப் பார்த்தாள். இவளும் பார்த்தாள். கதாநாயகன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு பாட்டு, ஒரு அடிதடி, அப்புறம் அவன் அக்காவைப் பார்க்க மனநல வார்டுக்கு வருவான். அந்தக் காட்சி அவளுடையது.

அவளுடையது என்றால், எழுதியது சேந்தன் என்ற பையன், தேனிக்காரன், முதல் படம். எடுத்ததும் அவன். ஆனால் படம் ஆரம்பிக்கும்போது கண்ணை ஒரு தடவை சிமிட்டுகிற நேரத்துக்கு 'மனநல ஆலோசனை: டாக்டர் மங்கையர்க்கரசி' என்று திரையில் வந்து போனது. கோமதி கை தட்டி, முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்து, மானம் போனது. போனால் போகட்டும், அது உண்மையில் நன்றாகத்தான் இருந்தது, தன் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் அவள் பார்த்ததே இல்லை, துறைத் தலைவராக இருந்தபோது அறை வாசலில் மாட்டியிருந்த பலகைகூட முழங்கை நீளம்தான். ஆனால் பெயர் மட்டுமா அது, பொறுப்பும்தானே, இந்தக் கொட்டகை சிரித்தால் அந்தப் பெயரும் சேர்ந்துதானே சிரிக்கும். சிரிப்பார்கள். நிச்சயமாகச் சிரிப்பார்கள். வார்டில் இரும்புக் கட்டில்களுக்கு நடுவே ஒரு ஆள் நின்றுகொண்டு இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து இல்லாத பஸ்ஸை ஓட்டினால் யார் சிரிக்க மாட்டார்கள்? அவள் சின்ன வயசில் பார்த்த படங்களில் இருந்து நேற்றுவரை அந்த ஆள் ஓட்டிக்கொண்டேதான் இருக்கிறான். சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பான், வாயாலேயே ஹாரன் அடிப்பான், சிரிப்பு நடிகர் வந்து அவன் தலையில் ஒரு தட்டு தட்டுவார். சேந்தன் எழுதிக் கொண்டுவந்த முதல் பிரதியிலும் அவன் இருந்தான். மற்ற டாக்டர்கள் எல்லாரும், உடன் படித்த தேவசகாயம் முதற்கொண்டு, அந்த ஆளை வெட்டச் சொல்லு, இல்லாவிட்டால் உன் பெயரை எடுக்கச் சொல்லு என்றுதான் சொன்னார்கள். அவள் வெட்டச் சொல்லவில்லை. இருக்கட்டும் என்றாள். சேந்தனுக்கே ஆச்சரியம். "மேடம், நீங்க திட்டுவீங்கன்னு நினைச்சேன்." திட்டத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வேறொரு கேள்வி வந்து நின்றது. எந்த ரூட்டு?

எந்த ரூட்டு. அந்தக் கேள்வியை அவள் முதலில் கேட்டபோது அவளுக்கு இருபத்தாறோ இருபத்தேழோ. மேற்படிப்புக்குச் சேர்ந்து சில மாதம். பேராசிரியர் பெரிய ஆள், ஆங்கிலத்தில் அவர் பேசினால் சுவர்கூட நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஒரு பழக்கம், நோயாளியை மேடைக்கு வரச் சொல்லி மாணவர்களுக்குக் காட்டுவார். அன்றைக்கு வந்தவர் ராமசுப்பு, கோவில்பட்டிக்காரர், பஸ் டிரைவர், காக்கிச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து அதோடேயே இருந்தார். "ஓட்டுப்பா," என்றார் பேராசிரியர். ஓட்டினார். கியர் மாற்றினார், எட்டிப் பார்த்தார், வளைத்தார், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிக் கொடுத்தார். லெக்சர் ஹால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அன்றைக்கு அவளுக்குக் கடுமையான பல்வலி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தாள், சிரிக்க முடியாததால் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்ததால் தெரிந்தது. அவர் நிஜமாகவே ஓட்டினார். வாயால் ஹாரன் அடிக்கவில்லை, குதிக்கவில்லை, முகத்தில் தமாஷ் இல்லை, நெற்றி முழுக்க வேர்வை. ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் வலது காலை அப்படியே தரைக்குள் அமுக்கினார். முகம் கோணியது. அப்புறம் மறுபடி முதலில் இருந்து வண்டியை எடுத்தார். வகுப்பு முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு வார்டுக்குப் போய் அவர் பக்கத்தில் நின்றாள். என்ன கேட்பது? உங்கள் பெயர் என்ன, இன்று என்ன கிழமை, முதலமைச்சர் யார், அதெல்லாம் கேட்டுத் தாளில் எழுதியாயிற்று. பல்வலியோடு நின்றவள் சும்மா, பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெண் கேட்கிற மாதிரி, "எந்த ரூட்டு அண்ணாச்சி?" என்றாள். அவர் கையை எடுக்காமலேயே சொன்னார். "கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம். ஏறுதீங்களா?"

ஏறினாள். அதைத்தான் அவள் பிறகு எல்லா வருஷமும் மாணவர்களுக்குச் சொன்னாள். ஊர் சொல்ல மாட்டாள், பெயர் சொல்ல மாட்டாள், ஏறினேன் என்று மட்டும் சொல்வாள். கம்பியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், அவர் ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே போனார், யார் எங்கே இறங்குவார்கள், எங்கே மோர் கிடைக்கும், எங்கே ரோடு மோசம், அப்புறம் ஒரு ஓடைப்பாலம். பாலம் தாண்டி ஒரு வேலிமரம். "இங்கதாம்மா. இங்க ஆட்டுக்குட்டி பின்னால ஒரு பிள்ளை ஓடியாரும்." காலை அமுக்கினார். "இன்னைக்கும் பிந்திட்டு," என்றார். எடுத்தார் மறுபடியும் கோவில்பட்டியில் இருந்து. அவர் மேல் தப்பில்லை என்று போலீஸ் சொல்லியாயிற்று, பிள்ளையைப் பெற்றவர்களே சொல்லியாயிற்று, அவர் காலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பிரேக் ஒரு நொடி முன்னால் விழுந்துவிட்டால் பிள்ளை பிழைத்துவிடும், அதற்காகத்தான் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறார் மனுஷன், அதைத்தான் மேடையில் ஏற்றிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அவளுக்குள் வெகுநாள் எரிந்தது. இப்போது நினைத்தாலும் எரிகிறது. சேந்தனின் இரண்டாவது பிரதியில் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் டிரைவர் 'ஓ'வென்று அழுது குணமாகிவிட்டார். அவள் அந்தப் பக்கத்தை மடித்து அவன் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தாள். "தம்பி, அப்படியெல்லாம் ஆகாது. மாத்திரை, தூக்கம், பேச்சு, மறுபடி மாத்திரை. கையை ஸ்டியரிங்கில இருந்து எடுக்கவே மாசக்கணக்கா ஆச்சு. மறுபடி வேலைக்குப் போக ரெண்டு வருஷம். அதுவும் டிப்போவில, உக்காந்து பாக்கிற வேலை." "அப்ப கிளைமாக்ஸ் இல்லையா மேடம்?" "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வண்டி நேரத்துக்கு நிக்கட்டும். அது போதும்." அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். புத்திசாலிப் பையன். திரும்பி வரும்போது காட்சி அவள் சொன்னபடி அமைந்திருந்தது.

திரையில் பாட்டு வந்துவிட்டது. பனிமலை. ஆட்டோ ஓட்டுகிறவனுக்குப் பனிமலை எங்கே இருந்து வந்தது என்று யாரும் ஆலோசகர் வைத்துக் கேட்பதில்லை. "சேலை நல்லாருக்குல்லா?" என்றாள் கோமதி. இந்தக் கோமதிக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் வீட்டில் நடந்த கூத்து! பெண்ணுக்கு அக்கா டாக்டராமே, என்ன டாக்டர் என்று கேட்டால் அம்மா முகம் மாறாமல் "நரம்பு டாக்டர்" என்பாள். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்று தெரிந்தால் அது ஒட்டிக்கொள்ளும் என்று பயந்துவிடுவார்களாம். அதற்கு முன் அப்பா, கண் டாக்டருக்குப் படி, பிள்ளைப்பேறு டாக்டருக்குப் படி, இதென்ன சவம், என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார். சாப்பிடாமல் கிடந்தது பொய், அடுக்களையில் அம்மா ஊட்டிக்கொண்டிருந்தாள். நரம்பு டாக்டராகவே அவள் கோமதியின் கல்யாணத்தில் தாம்பூலம் கொடுத்தாள், நரம்பு டாக்டராகவே சம்பந்தி வீட்டுக்காரர்களின் கை நடுக்கத்துக்கும் கழுத்து வலிக்கும் யோசனை சொன்னாள், அவர்களில் ஒருவர் கடைசியில் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குதும்மா, சாகத் தோணுது, என்று அழுதபோதுதான் அந்தப் பெயரும் ஒரு வசதிதான் என்று புரிந்தது. நரம்பு டாக்டரிடம் எதையும் சொல்லலாம். அந்த மனுஷர் இன்றைக்கும் இருக்கிறார், பேரன் பேத்தி எடுத்து, வம்பு பேசிக்கொண்டு. காப்பாற்றியது நான்தான். நான்தான் என்று இருட்டில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், பெருமையாக இருந்தது, யாருக்குத் தெரியப்போகிறது. மாணவர்கள் பின்னால் வைத்த பெயர் 'எந்த ரூட்டு மேடம்'. மேடை போட்டு நோயாளியைக் காட்டுவதை அவள் துறைத் தலைவரான அன்றைக்கே நிறுத்தினாள். நோயாளியைப் பார்க்க மாணவர்கள் கட்டிலுக்குப் போக வேண்டும், இவளும் போவாள், ஸ்டூல் போட்டு உட்காருவாள். முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது ராமநாதபுரத்தில், தருமபுரியில், கடல் தாண்டி எங்கெங்கோ அவள் பிள்ளைகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவரவர் பாஷையில் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போன பொங்கலுக்கு ஒருத்தி கூப்பிட்டு, "மேடம், இன்னைக்கு நானும் பஸ்ஸில ஏறிட்டேன்," என்றாள். அதைவிட என்ன வேண்டும்.

வேண்டியிருந்தது, அதுதான் சங்கதி. ஓய்வு பெற்றதும் சும்மா இருந்திருக்கலாம். டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள், போனாள். தேவசகாயம் சிரித்தான், "பவுடர் பூசிட்டு வைத்தியமா?" பூசினாள். ஞாயிற்றுக்கிழமை காலை நேரலை. கூப்பிடுகிற எல்லாருக்கும் பிரச்சினை அவர்களுக்கு இல்லை, தெரிஞ்சவங்களுக்கு. "மேடம், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தவங்க, கதவைப் பூட்டிட்டமான்னு திரும்பத் திரும்பப் பாக்கிறாங்க." "அப்படியா, அந்தத் தெரிஞ்சவங்க இப்ப உங்க பக்கத்தில இருக்காங்களா?" "ரொம்பப் பக்கத்திலதான் மேடம்." ஸ்டுடியோவில் கேமராக்காரர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அந்த வாரமே ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு தெரிஞ்சவங்க ஆஸ்பத்திரி வாசல்படி ஏறியிருப்பார்கள், ஏறினார்கள், அவளுக்குத் தகவல் வந்துகொண்டே இருந்தது. ஒரு வார்டில் ஒரு நாளைக்கு இத்தனை பேரைத்தான் பார்க்க முடியும், ஒரு லெக்சர் ஹாலில் இத்தனை பேர்தான் உட்கார முடியும். சினிமாக் கொட்டகையோ தமிழ்நாடு முழுக்க. அந்த ஆசைதான். ராமசுப்புவைப் பார்த்துச் சிரித்த அந்த லெக்சர் ஹாலை அவள் மறுபடி உட்கார வைக்க ஆசைப்பட்டாள், ஊர் அளவுக்குப் பெரிதாக. முதலில் சிரிக்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும், எப்போதும் சிரிக்கிற மாதிரியே. அப்புறம் கேள்வி விழட்டும். சிரிப்பு தொண்டையிலேயே நிற்கட்டும். வெட்டிவிட்டால் அவர்கள் சிரிக்கவும் மாட்டார்கள், நிற்கவும் மாட்டார்கள், அடுத்த படத்தில் வழக்கம்போல் சிரிப்பார்கள். கணக்கு சரிதானே? சரியாக இருக்க வேண்டுமே. பாழாய்ப்போன அந்த ஹாரன்.

ஹாரன். காட்சியை எடுத்தாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தாள், அவளுக்கு என்ன தெரியும். சினிமாவில் ஒரு காட்சிக்கு இரண்டு பிறப்பு, எடுக்கும்போது ஒன்று, சத்தம் சேர்க்கும்போது ஒன்று. சென்னையில் அந்தக் குளிர் அறைக்குப் போய் உட்கார்ந்தபோது, டிரைவர் கையை வளைக்கிற ஒவ்வொரு தடவையும் பெரிய ஊதுகுழலில் 'பாம்'. காலை அமுக்குகிற இடத்தில் 'டொய்ங்'. அவளுக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. சேந்தன் கெஞ்சினான். "இந்த சீனோட முதல் பாதிக்கு இருக்கட்டும் மேடம், சிரிக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க. கேள்விக்கு அப்புறம் எடுத்துடறேன்." "எடுத்துட்டு?" "வயலின்." "வயலினும் வேண்டாம். ஒண்ணும் வேண்டாம். வார்டு ஃபேன் சத்தம் போதும்." இசையமைப்பாளரின் உதவியாளர் அவளை நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். தயாரிப்பாளர், சத்தமே இல்லாவிட்டால் ஜனம் ஆபரேட்டரைத் திட்டும் என்றார். "பாக்கலாம் மேடம்," என்றான் சேந்தன். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷம் அரசாங்கத்தில் வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா. பிரிவியூவுக்குக் கூப்பிட்டான், போகவில்லை. பிரிவியூவில் யாரும் சிரிக்க மாட்டார்கள், தொண்டையைத்தான் செருமுவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இங்கே பார்க்க வேண்டும். அவரோடு பார்க்க வேண்டும். அந்தச் சத்தம் இருக்கிறதா எடுத்தானா என்பது இந்த நிமிஷம் வரை அவளுக்குத் தெரியாது.

அவரோடு. அனுமதி கேட்கப் போன அன்றைக்கு ராமசுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிவிட்டது, பல் மட்டும் போயிருந்தது. கதையை முழுக்கச் சொன்னாள், உங்கள் பெயர் வராது, ஊர் வராது, வேண்டாம் என்றால் இந்த நிமிஷமே விட்டுவிடலாம். அவர் முருங்கைக்காயைக் கீழே வைத்தார். "எடுக்கட்டும்மா. எத்தனையோ படத்தில எடுத்துட்டான், இதில ஒழுங்கா எடுக்கட்டும். சிரிப்பாங்களா?" "முதல்ல சிரிப்பாங்க அண்ணாச்சி. அப்புறம் நிறுத்திருவாங்க." "நிறுத்தாட்டி?" அத்தனை மேடையில் பேசியவள், நேரலையில் எந்தக் கேள்விக்கும் திணறாதவள், முருங்கை மரத்தடியில் குனிந்து அவர் பறித்துப் போட்ட காய்களை அடுக்கினாள். அவரே சிரித்துவிட்டு, "சரி, மக பாளையங்கோட்டையிலதான் இருக்கா. முத நாளே மத்தியான ஆட்டத்துக்கு வந்து பாத்துருதேன். நீங்களும் வாங்க. ஆனா எம்பக்கத்தில உக்காந்துராதிய, டாக்டர் பக்கத்தில இருந்தா படம் பாக்க முடியாது, நம்மளையே பாப்பிய," என்றார். நிறுத்தாட்டி? இந்த நாலு மாசத்தில் பல் தேய்க்கும்போது, காய் நறுக்கும்போது, மேக்கப் நாற்காலியில் சாயும்போது, அந்த ஒரு சொல். நிறுத்தாவிட்டால் ராமசுப்பு இந்த இருட்டில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடியாத தன் காலைப் பார்த்து ஊரே சிரிப்பதை இரண்டாவது தடவை கேட்பார். முதல் தடவை பேராசிரியர் செய்தார். இரண்டாவது தடவை இவள்.

"எக்கா, ஆஸ்பத்திரி வந்துட்டு," என்றாள் கோமதி. வந்துவிட்டது. பச்சைச் சுவர், இரும்புக் கட்டில், அவள் சொன்னபடியே ஜன்னலில் காயப்போட்ட துண்டு. கதாநாயகன் அக்காவிடம் போக, சிரிப்பு நடிகர் வழி தவறி அடுத்த கட்டிலுக்கு வந்தார். காக்கிச் சட்டை. கை வளைந்தது. 'பாம்'. கொட்டகை வெடித்தது. எடுக்கவில்லை பாவி, முதல் பாதியில் எடுக்கவில்லை, சரி, அது பேசினதுதானே, அதைப் பேசியிருக்கிறோமே. சிரிப்பு நடிகர் டிரைவருக்குப் பின்னால் ஏறி நின்றுகொண்டு, "ஜங்ஷனுக்கு ரெண்டு, சில்லறை இல்லை," என்றார். விசில். 'பாம்'. பக்கத்தில் கோமதி பாப்கார்ன் சிந்தச் சிந்தச் சிரித்தாள், ஏட்டி நீயுமா, நீ எப்படி இருக்க மாட்டாய், நீயும் இந்த ஊர்தானே. முன்வரிசைப் பையன்கள் நாற்காலியில் உட்கார்ந்தே ஸ்டியரிங் பிடித்தார்கள். மங்கையர்க்கரசி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். இது நிற்காது. இவ்வளவு பெரிய சிரிப்பை எந்தக் கேள்வியும் நிறுத்தாது, நான் முட்டாள், தேவசகாயம் சொன்னது சரி, எழுந்து ஆபரேட்டர் அறைக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கலாமா, அவர் எங்கே, எந்த மண்டை, எந்த மண்டை ஆடாமல் இருக்கிறது? திரையில் சின்ன வயசு டாக்டர் பெண் உள்ளே வந்தாள். யாரையும் அதட்டவில்லை. டிரைவர் பக்கத்தில் போய் நின்றாள், தலைக்கு மேல் இல்லாத கம்பியைப் பிடித்தாள். கொட்டகை இதற்கும் சிரித்தது, டாக்டருக்கும் முத்திட்டு என்று யாரோ கத்தினார்கள். அவள் கேட்டாள். "எந்த ரூட்டு அண்ணாச்சி?"

சத்தம் இல்லை. ஹாரன் இல்லை, வயலின் இல்லை, ஃபேன் மட்டும் தடக் தடக்கென்று சுற்றியது. எடுத்துவிட்டான். சேந்தா, என் ராஜா, எடுத்துவிட்டாய். டிரைவர் ஊர் சொன்னார், வேறு ஊர்கள், வேறு வழி. அங்கே மோர் கிடைக்கும் என்றார். இரண்டு மூன்று பேர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பழக்கத்தில், சிரிப்புக்குத் துணை தேடி, துணை கிடைக்காமல் ஒவ்வொன்றாக அடங்கினார்கள். பாலம் என்றார். "இங்கதாம்மா, ஒரு பிள்ளை வரும்," என்றார். கோமதியின் கை பாப்கார்ன் பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. இத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதை மங்கையர்க்கரசி வாழ்நாளில் கேட்டதில்லை. டிரைவரின் கால் அமுங்கியது, முகம் கோணியது, பிந்திவிட்டது. மறுபடி முதலில் இருந்து எடுத்தார். மறுபடியும் பாலம். அப்போது முன்வரிசையில் இருந்து, சற்று முன்பு ஸ்டியரிங் பிடித்து ஆடிய அதே கும்பலில் இருந்து, ஒரு குரல், கிட்டத்தட்ட அழுகிற குரல்: "பிரேக்கைப் போடும்வே!" பால்கனியில் இருந்து இன்னொன்று, "போடுய்யா, பிள்ளை வருது!" அப்புறம் எல்லாரும், எந்தப் பக்கம் என்று இல்லாமல், போடு போடு என்று, ஒரு பெண்பிள்ளை கீச்சென்று, தூணோரம் தூங்கிய கிழவர்கூட விழித்து, கொட்டகை முழுக்கத் தரையில் கால்கள் விழுந்தன. தொம் என்று ஒரு சத்தம். மங்கையர்க்கரசி குனிந்து பார்த்தாள், அவள் வலது காலும் அமுங்கியிருந்தது, கோமதியுடையதும். திரையில் டிரைவரின் கால் இந்தத் தடவை நேரத்துக்கு விழுந்தது, இல்லாத பஸ் நின்றது. சிரிப்பு நடிகர் முன்னால் சரிந்து கம்பியைப் பிடித்தார், அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கதாநாயகன் முதலில் வந்தபோது அடிக்காத விசிலை இப்போது அடித்தார்கள். நிறுத்திவிட்டார்கள் அண்ணாச்சி. நிறுத்தினது மட்டுமா, வண்டியையும் சேர்த்து நிறுத்தினார்கள். லெக்சர் ஹாலே, சிரித்த என் லெக்சர் ஹாலே, பார்த்துக்கொள். அவளுக்குக் கண்ணீர் கன்னத்தில் இறங்கி வாய்க்குள் போனது, துடைக்கவில்லை, ஜெயித்துவிட்டேன் ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, அடித்துக்கொள்ளட்டும்.

நடுவரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். அவள் ஒரு தடவைகூடச் சந்தேகப்படாத இடம். "யாருவே அது, மறைக்குது, உக்காரும்வே!" என்று பின்னால் கத்தினார்கள். அவர் உட்காரவில்லை. திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார், திரை வெளிச்சம் அவர் பின்னால் இருந்தது, முகம் தெரியவில்லை, மகள் கையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. கோபித்துக்கொண்டு எழுந்து போகிறாரோ என்று இவளுக்கு ஒரு கணம் பயம் கவ்வியது. இல்லை. அவர் வரிசை வரிசையாகப் பார்த்தார், அவசரப்படாமல், பக்கவாட்டில் இருந்தவர்களையும், பால்கனியையும். ஓடுகிற பஸ்ஸைச் சடாரென்று நிறுத்திய எந்த டிரைவரும் பயணிகளைத் திரும்பிப் பார்ப்பார்.

"யாருக்கா அந்த ஆளு?" என்றாள் கோமதி. "படத்தைப் பாக்காம நம்மளப் பாக்காரு?"

"தெரியலட்டி," என்றாள் மங்கையர்க்கரசி. "எல்லாரும் பத்திரமா இருக்கோமான்னு பாக்காரு போல." சொல்லிவிட்டு, முன்னாள் துறைத் தலைவர், ஞாயிற்றுக்கிழமை டிவி டாக்டர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கையை உயரத் தூக்கி ஆட்டினாள்.

"எல்லாரும் பத்திரமா இருக்கோம் அண்ணாச்சி! யாருக்கும் ஒண்ணும் இல்ல!"

"ஏம்மா, நீங்களுமா? உக்காருங்கம்மா!" என்றது பின்வரிசை. நடுவரிசைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு கையை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டு, உட்கார்ந்து படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.